விலை கூடிய மல்டிமீட்டரில் காசு எங்கே போகிறது?

கையடக்க டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது; அமெரிக்கச் சந்தையில் 400 டாலரைத் தாண்டியும் விற்கிறது. மஞ்சள் நிற டிடி-830 வகை மீட்டரையும் ஃப்ளூக் 87வி மீட்டரையும் ஒரே பிளக் பாயின்ட்டில் வைத்துப் பார்த்தால் இரண்டும் 230 வோல்ட்டை ஒட்டித்தான் காட்டும். அப்படியானால் மீதிப் பணம் எதற்கு? அதில் பெரும்பகுதி, ப்ரோப்பைத் தவறான இடத்தில் வைத்துவிட்டால் கையும் கண்ணும் தப்புவதற்கு. அடுத்த பகுதி, பல வருடம் கழித்தும் அதே அளவை நம்பிக்கையோடு காட்டுவதற்கு. திரையில் கூடுதலாக வரும் இலக்கங்களுக்கு மூன்றாவது இடம்தான். விளம்பரத் தாள்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. அதனால்தான் பலர் தேவையில்லாத ஒன்றுக்குப் பணம் கொடுத்துவிட்டு, தேவையானதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

உயர்தர வகை என்றதும் முதலில் வரும் பெயர் ஃப்ளூக். 1977-ல் 8020ஏ என்ற கையடக்க மாடலைக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனம் இது. 1980-களின் இறுதியில் வந்த 80 வரிசையின் தொடர்ச்சியாக 87வி 2004-ல் வெளியானது. இருபது ஆண்டு கடந்தும் தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவுகள் அதையே கேட்டு வாங்குகின்றன. அளவுகளைப் பதிவு செய்துவைக்கும் 289 அதே நிறுவனத்தின் பெரிய அண்ணன். கீசைட் யு1282ஏ, ஜப்பானின் ஹியோகி டிடி4282, ஜெர்மனியின் கோசன் மெட்ராவாட் தயாரிக்கும் மெட்ராஹிட் வரிசை, தைவானின் பிரைமன் பிஎம்869எஸ் ஆகியவை போட்டியாளர்கள். கடைசியாகச் சொன்ன பிரைமன், ஃப்ளூக் விலையில் ஏறக்குறைய பாதிக்குக் கிடைப்பது.

முதலில் இலக்கங்களைப் பார்த்துவிடலாம். ஒரு மீட்டர் எத்தனை கவுண்ட் என்பது, ரேஞ்ச் மாறாமல் அதன் திரை எவ்வளவு பெரிய எண்வரை காட்டும் என்பதைச் சொல்கிறது. 6,000 கவுண்ட் மீட்டர் 5 வோல்ட்டை 5.000 என்று காட்டும். கடைசி இலக்கம் ஒரு மில்லிவோல்ட். 60,000 கவுண்ட் மீட்டர் 5.0000 என்று காட்டும். 87வி சாதாரணமாக 6,000 கவுண்ட், விரும்பினால் 20,000 கவுண்ட். 289-க்கு 50,000. ஹியோகியும் கீசைட்டும் 60,000. பிரைமன் டிசி வோல்ட்டேஜில் 5,00,000 வரை போகிறது.

இலக்கம் கூடுவதால் துல்லியம் கூடிவிடுவதில்லை. துல்லியத்தைத் தயாரிப்பாளர்கள் இரண்டு பகுதியாகச் சொல்வார்கள்: காட்டும் அளவில் இத்தனை சதவீதம், அதோடு கடைசி இலக்கத்தில் இத்தனை எண்ணிக்கை. 87வி-யின் டிசி துல்லியம் 0.05 சதவீதமும் ஒரு எண்ணிக்கையும். 5 வோல்ட்டில் அது 2.5 மில்லிவோல்ட்டும் 1 மில்லிவோல்ட்டும் சேர்ந்து 3.5 மில்லிவோல்ட். ஹியோகி டிடி4282-க்கு 0.025 சதவீதமும் இரண்டு எண்ணிக்கையும். அதே 5 வோல்ட்டில் 1.25-ம் 0.2-ம் சேர்ந்து 1.45 மில்லிவோல்ட். இது உண்மையான முன்னேற்றம். பிரைமனின் 5,00,000 கவுண்ட் திரையிலோ கடைசி இலக்கம் 10 மைக்ரோவோல்ட். அதன் துல்லியம் ஏறத்தாழ 0.02 சதவீதம், 5 வோல்ட்டில் ஒரு மில்லிவோல்ட். கடைசி இரண்டு இலக்கங்கள் உண்மை மதிப்பைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவை வீண் என்று தள்ளிவிட முடியாது. ஒரு பவர் சப்ளை சூடாகச் சூடாக எந்தப் பக்கம் நகர்கிறது, இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே எவ்வளவு வேறுபாடு என்று ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு அந்த இலக்கங்கள் பயன்படும்.

துல்லியத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று, மீட்டரே சர்க்யூட்டின் மேல் ஏற்றும் சுமை. டிசி வோல்ட்டேஜில் இந்த மீட்டர்களின் உள்ளீட்டு மின்தடை பொதுவாக 10 மெகா ஓம். ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைத் தொடராக இணைத்து, நடுப்புள்ளியில் அளந்தால், மீட்டர் காட்டுவது உண்மை அளவைவிட ஏறக்குறைய 4.8 சதவீதம் குறைவாக இருக்கும். 0.025 சதவீத மீட்டரும் 0.5 சதவீத மீட்டரும் அந்த இடத்தில் ஒரே தப்பைத்தான் காட்டும். சில மாடல்களில் மில்லிவோல்ட் ரேஞ்சில் மட்டும் உள்ளீட்டு மின்தடையை மிகப் பெரிதாக்கும் வசதி உண்டு. சென்சார் சர்க்யூட்டுகளில் வேலை செய்பவர் இலக்கத்தைவிட இதை முதலில் தேட வேண்டும்.

துல்லியத்துக்கு வெப்பநிலையும் காலமும் எல்லை போடுகின்றன. 87வி-யின் 0.05 சதவீதம் என்ற உறுதிமொழி 18 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான். அதற்கு வெளியே ஒவ்வொரு டிகிரிக்கும், சொன்ன துல்லியத்தின் இருபதில் ஒரு பங்கு பிழையாகக் கூடும். வேலூரிலோ திருச்சியிலோ மே மாதம் 40 டிகிரியில் நிற்கும் பட்டறையில் அது 12 டிகிரி மிகுதி, 0.05 சதவீதம் 0.08 ஆகிவிடும். அதுவும் மீட்டர் கேலிபரேஷன் செய்து ஒரு வருடத்துக்குள் இருந்தால்தான். தேசிய அங்கீகாரமான என்ஏபிஎல் பெற்ற ஆய்வகத்தில் கேலிபரேஷன் செய்யக் கட்டணம் உண்டு. பல வருடங்களில் கூட்டிப் பார்த்தால் அது மீட்டர் விலையில் கணிசமான பங்கு. உயர்தர மீட்டர்களில் பெட்டியைத் திறக்காமலே கேலிபரேஷனைச் சரிசெய்ய முடிகிறது என்பது ஒரு பெரிய சௌகரியம்.

ஏசி பக்கம் வந்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். மலிவான மீட்டர் ஏசி அலையின் சராசரியை அளந்து, அதை 1.11 ஆல் பெருக்கிக் காட்டுகிறது. சுத்தமான சைன் அலைக்கு அது சரி. சதுர அலையைக் கொடுத்தால் 11 சதவீதம் கூட்டிக் காட்டும். கம்ப்யூட்டரின் பவர் சப்ளையும் எல்இடி டிரைவரும் மின்னோட்டத்தைக் கூர்மையான துடிப்புகளாக இழுக்கின்றன. அங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடக் குறைத்துக் காட்டக்கூடும். வயர் சூடாகிறது, பிரேக்கர் விழுகிறது, மீட்டரோ எல்லாம் நலம் என்கிறது. உயர்தர மீட்டர்கள் எல்லாமே அலையின் உண்மையான ஆர்எம்எஸ் மதிப்பைக் கணக்கிடுகின்றன. அதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு: 87வி 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான், 289, ஹியோகி, கீசைட் மூன்றும் 100 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். டிசியும் ஏசியும் கலந்த சிக்னலின் மொத்த மதிப்பை 289 ஒரே எண்ணாகத் தரும், 87வி தராது.

ஆனால் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி டிரைவ் முன்னால் நிற்பவருக்கு அகன்ற அலைவரிசை உதவாது, குழப்பும். டிரைவின் வெளியீடு சில கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் வெட்டப்பட்ட துடிப்புகள். மோட்டார் உணர்வது அதன் அடிப்படை அலையை மட்டும். எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் மீட்டர், டிரைவின் திரையில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டிப் பராமரிப்பு ஆளை அலையவைக்கும். 87வி-யில் ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வடிகட்டிவிடும். இந்த ஒரு வசதிதான் அதைத் தொழிற்சாலைகளில் நிலைநிறுத்தியது என்று சொன்னால் மிகையில்லை.

அதே 87வி-யில் ஒரு பெரிய குறை இருக்கிறது. சப்ளை உள்ள வயருக்குப் பக்கத்தில் நீளமாக ஓடும் இணைக்கப்படாத வயர், 10 மெகா ஓம் மீட்டரில் 60, 80 வோல்ட் என்று பொய் வோல்ட்டேஜ் காட்டும். இரு வயர்களுக்கும் இடையிலுள்ள கெப்பாசிட்டன்ஸ் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம்தான் காரணம். மீட்டரின் உள்ளீட்டு மின்தடையை 3 கிலோ ஓம் அளவுக்குக் குறைத்தால் அந்தப் பொய் உடனே சரிந்துவிடும். உண்மையான சப்ளை அப்படியே நிற்கும். லோ-இசட் எனப்படும் இந்த வசதி 289-ல் இருக்கிறது. அதே நிறுவனத்தின் விலை குறைந்த 117-லும் இருக்கிறது. எலக்ட்ரீஷியன்கள் அதிகம் தூக்கிச் செல்லும் 87வி-யில் இல்லை. இத்தனை ஆண்டுகளாக விற்கும் மாடலில் இதைச் சேர்க்காமல் விட்டதற்கு நியாயம் சொல்ல முடியாது.

இனி பாதுகாப்பு. மின்கம்பிகளில் இடி, பெரிய மோட்டார் அணைதல் போன்ற காரணங்களால் சில மைக்ரோ நொடிகளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். அந்த நேரத்தில் ப்ரோப் வைத்திருந்தால் மீட்டருக்குள் மின்பொறி பற்றலாம். பொறி பற்றியதும் அது ஒரு கடத்தியாகிவிடும். தூண்டிய துடிப்பு போனபிறகும் மெயின் சப்ளை அதன் வழியே ஷார்ட் ஆகி ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். கையில் இருப்பது வெடித்துச் சிதறும். ஐஇசி 61010 தரநிலை இந்த ஆபத்தை இடவாரியாக வகைப்படுத்துகிறது. பிளக் பாயின்ட்டில் சொருகும் சாதனங்கள் கேட் 2. கட்டடத்தின் டிஸ்ட்ரிபியூஷன் போர்டும் நிலையான வயரிங்கும் கேட் 3. மின்வாரிய இணைப்பு உள்ளே வரும் இடமும் வெளிக்கம்பிகளும் கேட் 4.

இதில் வோல்ட் எண்ணை மட்டும் பார்ப்பது ஆபத்து. கேட் 2, 1000 வோல்ட் மீட்டரை 6,000 வோல்ட் துடிப்பால் சோதிக்கிறார்கள். சோதனைக் கருவியின் உள்மின்தடை 12 ஓம், அதாவது 500 ஆம்பியர் வரை பாய இடமுண்டு. கேட் 3, 600 வோல்ட் மீட்டருக்கும் அதே 6,000 வோல்ட்தான். ஆனால் உள்மின்தடை 2 ஓம், ஆக 3,000 ஆம்பியர். 600 என்று அச்சிட்ட மீட்டர், 1000 என்று அச்சிட்டதைவிட ஆறு மடங்கு மின்னோட்டத்தைத் தாங்கி நிற்கிறது. 87வி, டிடி4282 இரண்டும் கேட் 3-ல் 1000 வோல்ட், கேட் 4-ல் 600 வோல்ட். இந்த இரண்டுக்குமே சோதனை 8,000 வோல்ட், 2 ஓம். தாங்குவதற்காக உள்ளே போர்டில் வெட்டுப்பள்ளங்கள், தடங்களுக்கு இடையே அகன்ற இடைவெளி, வேரிஸ்டர்கள், சூடானால் மின்தடை கூடும் தெர்மிஸ்டர்கள், கனமான பெட்டிச் சுவர் எல்லாம் உண்டு. மலிவான மீட்டர்களிலும் கேட் 3 என்று அச்சடித்திருப்பார்கள். யூஎல், சிஎஸ்ஏ, டூவ் போன்ற வெளி அமைப்பின் சான்று முத்திரை இல்லாவிட்டால் அந்த அச்சை நம்பக்கூடாது.

வெளியிலிருந்து வரும் துடிப்பைவிட அடிக்கடி நடக்கும் விபத்து மனிதத் தவறால் வருவது. ஆம்பியர் அளந்துவிட்டு, லீடை ஆம்பியர் துளையிலேயே விட்டு, அப்படியே பிளக் பாயின்ட்டில் வைத்துவிடுவது. ஆம்பியர் துளைக்கும் காமன் துளைக்கும் நடுவே இருப்பது கிட்டத்தட்ட நேரடி ஷார்ட். அப்போது உயிர் காப்பது ஃபியூஸ் மட்டுமே. சின்னக் கண்ணாடி ஃபியூஸ் உருகினாலும் பொறி நிற்காது. கண்ணாடி வெடித்து மின்னோட்டம் தொடரும். உயர்தர மீட்டரில் மணல் நிரப்பிய பீங்கான் போன்ற உறையுள்ள ஃபியூஸ் இருக்கும். 87வி-யில் 11 ஆம்பியர் ஒன்று, 440 மில்லிஆம்பியர் ஒன்று, இரண்டும் 1000 வோல்ட் தகுதி. இவற்றின் விலைக்கே இரண்டு மூன்று மலிவு மீட்டர் வாங்கிவிடலாம். அந்தச் செலவு பிடிக்காமல் சிலர் உள்ளே கம்பித்துண்டோ சாதாரண ஃபியூஸோ வைத்து ஓட்டுகிறார்கள். அந்த நொடியிலேயே விலை உயர்ந்த மீட்டர் மலிவு மீட்டராக மாறிவிடுகிறது. இதை எந்தப் பட்டறையிலும் அனுமதிக்கக் கூடாது.

தவறைத் தடுக்கும் வழியில் நிறுவனங்கள் பிரிகின்றன. ஃப்ளூக்கும் பிரைமனும் லீட் தவறான துளையில் இருந்தால் கூவி எச்சரிக்கும். கோசன் மெட்ராவாட்டும் ஹியோகியும் இன்னும் ஒரு படி மேலே போய், சுழல் சுவிட்ச் ஆம்பியருக்கு வராதவரை ஆம்பியர் துளையைத் தகட்டால் மூடிவைக்கின்றன. சத்தமான ஆலையில் கூவுவது காதில் விழாது. மூடிய துளையில் லீடே நுழையாது. இந்த விஷயத்தில் ஜெர்மன், ஜப்பானிய முறைதான் மேல் என்பதில் சந்தேகமில்லை.

பாதுகாப்புக்காகப் போட்ட அந்த ஃபியூஸே எலக்ட்ரானிக்ஸ் வேலையில் தொல்லையாகவும் வந்து நிற்கிறது. மில்லிஆம்பியர் ரேஞ்சில் ஃபியூஸும் ஷன்ட் ரெசிஸ்டரும் சேர்ந்து வோல்ட்டேஜைத் தின்னும். 87வி-யில் அது ஒரு மில்லிஆம்பியருக்கு 1.8 மில்லிவோல்ட். வைஃபை சிப் 300 மில்லிஆம்பியர் இழுத்தால் மீட்டரிலேயே 0.54 வோல்ட் போய்விடும், 3.3 வோல்ட் சப்ளை 2.76 ஆகி, சிப் ரீசெட் ஆகக்கூடும். மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் நிலைமை மோசம்: அங்கே மீட்டர் 100 ஓம் ரெசிஸ்டர் போல நடந்துகொள்ளும், 5 மில்லிஆம்பியருக்கே அரை வோல்ட் போய்விடும். தூங்கும்போது சில மைக்ரோஆம்பியரும் விழித்ததும் நூற்றுக்கணக்கில் மில்லிஆம்பியரும் இழுக்கும் இன்றைய பேட்டரிச் சாதனங்களை இந்த மீட்டர்களால் நேராக அளக்க முடிவதில்லை. ஆஸ்திரேலியப் பொறியாளர் டேவிட் ஜோன்ஸ் இந்தக் குறைக்காகவே மைக்ரோகரன்ட் என்ற தனி அடாப்டரை வடிவமைத்தார். ஆயிரக்கணக்கில் விலை வைக்கும் நிறுவனங்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது.

திரையில் மூன்று கட்சிகள். 87வி-யின் சாதாரண எல்சிடி வெயிலிலும் தெளிவு; எண் மாறுவதற்குள் நொடிக்கு 40 முறை நகரும் பட்டைக்கோடு, பழைய முள் மீட்டர் தந்த உணர்வைத் தருகிறது. 289-ன் புள்ளித்திரை வரைபடமே காட்டும், ஆனால் கான்ட்ராஸ்ட் குறைவு. ஆன் செய்தால் எழுந்து வரச் சில நொடி ஆகும். கீசைட்டின் ஓஎல்இடி மாடல் யு1273ஏ இருட்டு அறையில் அழகு, உச்சி வெயிலில் படிப்பது சிரமம். பேட்டரியிலும் இதே கதை: 87வி ஒரு 9 வோல்ட் பேட்டரியில் 400 மணி நேரம் ஓடும். 289 ஆறு ஏஏ பேட்டரியைப் போட்டும் 100 மணி நேரம்தான். யு1282ஏ 800 மணி நேரம் என்கிறது கீசைட். இந்த விலையுள்ள மீட்டர்கள் சாவதற்கு ஒரு முக்கியக் காரணம் அல்கலைன் பேட்டரி கசிந்து போர்டைத் தின்பது. மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பவர்கள் பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும், இல்லையென்றால் லித்தியம் பேட்டரி போட வேண்டும்.

பதிவு செய்யும் வசதியில் 289 மற்றவற்றுக்கு முன்னால் நிற்கிறது. இரவெல்லாம் ஒரு சப்ளையைக் கண்காணித்து, எத்தனை மணிக்கு வோல்ட்டேஜ் விழுந்தது என்று காலையில் பார்க்கலாம். ஆனால் அதைக் கம்ப்யூட்டருக்கு எடுக்கத் தனியாக ஒரு இன்ஃப்ராரெட் கேபிளும், அதற்குரிய மென்பொருளும் வாங்க வேண்டும். இன்ஃப்ராரெட் தரும் மின்தனிமைப்படுத்தல் பாதுகாப்புக்கு அவசியம் என்பது சரி. முதல் விலையோடு கேபிளைக் கொடுக்காததற்கு அது காரணமாகாது.

உழைப்பைப் பொறுத்தவரை இந்த வகுப்பில் பெரிய குறை சொல்ல முடியாது. யு1282ஏ, ஃப்ளூக்கின் 28-II ஆகியவை ஐபி67 தகுதி பெற்றவை. தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும். ஃப்ளூக் 87வி-க்கு ஆயுள் உத்தரவாதம் தருகிறது. ஆனால் அந்த ஆயுள் என்பது மாடல் உற்பத்தி நின்று ஏழு ஆண்டுகள், குறைந்தபட்சம் வாங்கியதிலிருந்து பத்து ஆண்டுகள். கீசைட், ஹியோகி மூன்று ஆண்டுகளோடு நிறுத்திக்கொள்கின்றன. பெயருக்கான விலையும் ஃப்ளூக்கில் சேர்ந்தே இருக்கிறது. அடர்நிற முகப்பைச் சுற்றிய மஞ்சள் விளிம்பையே அது அமெரிக்காவில் வணிக முத்திரையாகப் பதிந்துவைத்திருக்கிறது. 2014-ல் ஸ்பார்க்ஃபன் நிறுவனம் இறக்குமதி செய்த மலிவு மஞ்சள் மீட்டர்களைச் சுங்கத்துறை தடுத்தது அதனால்தான்.

ஆலையிலும் டிஸ்ட்ரிபியூஷன் போர்டுகளிலும் வேலை செய்பவருக்கு 87வி கொடுத்த பணத்துக்கு ஈடு. லோ-இசட் வசதிக்கு மட்டும் பக்கத்தில் ஒரு 117 வேண்டும். ஆம்பியர் அடிக்கடி அளப்பவருக்கு மூடும் துளையுள்ள ஹியோகியோ மெட்ராஹிட்டோ மேல். எலக்ட்ரானிக்ஸ் மேசைக்கு பிரைமன் பிஎம்869எஸ் போதும். மிச்சமாகும் பணத்தில் இரண்டாவது மீட்டர் ஒன்று வாங்கினால் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். வீட்டில் பேட்டரியும் சுவிட்சும் பார்ப்பவருக்கு இந்த வகுப்பே தேவையில்லை. வெளி அமைப்பின் சான்று பெற்ற கேட் 3 மீட்டர் ஒன்று போதுமானது. எந்த மீட்டர் கையில் இருந்தாலும், சப்ளை இல்லை என்று நம்பி வயரைத் தொடும் முன், சப்ளை இருப்பது தெரிந்த இடத்தில் ஒருமுறை, வேலை செய்யும் இடத்தில் ஒருமுறை, மறுபடி தெரிந்த இடத்தில் ஒருமுறை என்று மூன்று முறை அளந்து பாருங்கள்.